அக்கா வாய் மூடியபோது

ரயில் அம்பத்தூரை நெருங்கிக்கொண்டிருந்தபோது, எதிர் இருக்கையில் இருந்த கல்லூரி மாணவியின் போனிலிருந்து என் அக்கா பாடத் தொடங்கினாள். அக்கா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். திருமுல்லைவாயிலில் ஏறும்போது வாங்கிய வேர்க்கடலைப் பொட்டலம் அவள் மடியில் பிரிந்து கிடந்தது. கடலை உரித்துக்கொண்டிருந்த விரல்கள் அப்படியே நின்றுவிட்டன. முதலில் கிடார், பிறகு நான் அடித்த டிரம்ஸ், அதன்மேல் ஏறி நிற்கும் அந்தக் குரல். பெட்டியில் இருந்த யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த மாணவி மட்டும் அக்காவின் முகத்தைப் பார்த்துப் பதறிவிட்டாள். "சாரிக்கா, சவுண்டு தொந்தரவா இருக்கா?" அக்கா ஆமாம் என்று தலையசைத்தாள். அந்தப் பெண் பையைத் துழாவி இயர்போனை எடுத்துச் செருகிக்கொண்டாள். குரல் எங்களுக்கு அறுந்துபோனது. அவள் தலை மட்டும் தாளத்துக்கு லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அது நான்தான் என்று அக்கா வாய் திறந்து சொல்லியிருந்தாலும், அந்த ரயில் சத்தத்தில் எனக்கே கேட்டிருக்காது.

எங்கள் வீடு சத்தமான வீடு. அப்பா தொழிற்பேட்டையில் தகடு வெட்டும் பிரஸ் ஓட்டியவர். இளமை முழுக்க அந்த இயந்திரத்தின் பக்கத்திலேயே நின்றதில் அவருக்குக் காது முக்கால்வாசி போய்விட்டது. அவரிடம் உப்பு வேண்டுமா என்று கேட்பதற்கே அம்மா தெருவுக்குக் கேட்கும்படி கத்துவாள். நான் கத்தினால் அவருக்குப் பாதி புரியும். அக்கா கத்தவே வேண்டாம். அவள் குரலில் ஒரு கூர் இருந்தது. அடுப்படியிலிருந்து சாதாரணமாக "நைனா" என்றாலே வாசலில் இருக்கும் அப்பா திரும்பிப் பார்ப்பார். "அது ஒண்ணு பேசுறதுதான் எனக்கு நல்லா கேக்குது" என்று அவர் எல்லோரிடமும் சொல்வார். அதனால் வீட்டில் அப்பாவுக்கும் வெளியுலகத்துக்கும் நடுவே அக்காதான் இருந்தாள். யார் வந்தாலும், என்ன சேதி என்றாலும், அக்கா சொன்னால்தான் அது அவரிடம் போய்ச் சேரும்.

படித்து முடித்ததும் அவள் ஒரு தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரக் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவையில் சேர்ந்தாள். சேர்ந்த புதிதிலேயே அந்தக் குரலைக் கேட்டுவிட்டு, கம்பெனிக்குப் போன் செய்கிறவர்களை வரவேற்கும் பதிவை அவளையே பேசச் சொன்னார்கள். "வணக்கம். தமிழில் தொடர எண் ஒன்றை அழுத்தவும்." வீட்டில் அதை நாங்கள் வெகுநாள் கிண்டல் செய்தோம். சோறு போடு என்று அம்மா சொன்னால், "குழம்புக்கு எண் இரண்டை அழுத்தவும்" என்பேன் நான். அக்கா கரண்டியை ஓங்குவாள்.

அக்காவுக்குப் பேண்டு என் வழியாகத்தான் வந்தது. நான் அப்போது ஆவடியில் ஒரு தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமை டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்தேன். அங்கே பழக்கமான கிடார்காரனும், அவனுடைய கூட்டாளியான, பேஸ் கிடார் வாசிக்கும் பேஸ்காரனும் கோவில்பதாகையில் பாதி கட்டி நின்றுபோன ஒரு வீட்டின் மாடியில் வாசித்துப் பழகுவார்கள். பூசாத செங்கல் சுவர், ஜன்னலுக்குக் கதவு கிடையாது. மழை பெய்தால் ஆம்ப்ளிஃபயர் மேல் தார்ப்பாய் போர்த்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்போம். ஒருநாள் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த அக்கா, நாங்கள் வாசித்ததைக் கேட்டுவிட்டு, "இதுக்கு இன்னாத்துக்குடா இங்கிலீஷ் பாட்டு?" என்றாள். கிடார்காரன் விளையாட்டாக மைக்கை நீட்டினான். "அப்போ நீதான் பாடேன் அக்கா." அவள் சாப்பாட்டுக் கூடையைக் கீழே வைத்துவிட்டுப் பாடினாள். பாட்டு என்று ஒன்றும் இல்லை. எங்கள் தெருவுக்குள் ஏரித் தண்ணீர் புகுந்த மழைக்காலத்தைப் பற்றி அந்த இடத்திலேயே வாய்க்கு வந்ததைச் சேர்த்துக்கொண்டே போனாள். பேஸ்காரன் வாசிக்க மறந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தப் பாட்டைத்தான் பிறகு சீர்செய்து எங்கள் முதல் பாட்டாக்கினோம். அது நடந்த கதை. அப்பா இரவு வேலை முடித்து வந்து அசந்து தூங்கிக்கொண்டிருந்த காலை அது. தண்ணீர் வாசற்படி ஏறி வந்தது. அவருடைய செருப்புகள் மிதந்து கூடத்துக்குள் வந்துவிட்டன. அம்மாவும் நானும் கூச்சல் போட்டோம். அவர் அசையவில்லை. அக்கா மாடிப்படியில் நின்று ஒரே ஒரு முறை கூப்பிட்டாள், அவர் எழுந்துவிட்டார். பாட்டில் மட்டும் அவள் அதை மாற்றியிருந்தாள்.

ஏரி எழுந்து ஊட்டுக்கு வந்துச்சு,
எங்கப்பன் செருப்பு படகா போச்சு,
கேக்குதா நைனா, கேக்குதா?

பாட்டில் கேள்விக்குப் பதில் கிடையாது. ஒவ்வொரு முறையும் அந்தக் கடைசி "கேக்குதா" இன்னும் ஒரு படி மேலே போகும். அங்கே நாங்கள் மூவரும் வாசிப்பதை நிறுத்திவிடுவோம். குரல் மட்டும் தனியாக நிற்கும்.

அம்பத்தூரில் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய ஒரு மாடி ஸ்டூடியோவில் அதைப் பதிவு செய்தோம். நூம்பல் பக்கம் ஒரு திறந்த மைதானத்தில், சொந்தப் பாட்டு வைத்திருக்கும் புதிய பேண்டுகளுக்கென்றே ஓர் இசைத் திருவிழா அறிவித்திருந்தார்கள். பதிவை அனுப்பினோம், தேர்வாகிவிட்டோம். தேர்வான பாட்டுகளை அவர்களே வலையில் போட்டார்கள். அக்கா அன்று தெருக் கோடி வரை ஓடிப்போய், வேலையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த அப்பாவின் சைக்கிளை மறித்துச் சொன்னாள். அவருக்கு ராக் என்றால் என்ன, திருவிழா என்றால் எந்தக் கோயிலுக்கு என்று ஒன்றும் புரியவில்லை. "எம் பொண்ணு பாடுதாம்" என்று மட்டும் பக்கத்து வீட்டில் சொன்னார்.

பதிவின்போதே அவள் கழுத்தில் ஒரு வீக்கம் இருந்தது. எச்சில் விழுங்கும்போது ஏறி இறங்கும். தைராய்டு கட்டி என்றார்கள், எடுத்துவிடுவது நல்லது என்றார்கள். அறுவை சிகிச்சை செய்த டாக்டர் நல்ல மனிதர். முன்கூட்டியே அம்மாவை உட்காரவைத்து, குரல் நரம்பு அந்த இடத்தை ஒட்டித்தான் போகிறது என்று படம் போட்டுக் காட்டினார். முடிந்து வெளியே வந்தபோது அவர் முகமே சரியில்லை. கட்டி நரம்பைச் சுற்றி வளர்ந்திருந்தது, நரம்பைக் காப்பாற்ற முடியவில்லை என்றார். சில மாதத்தில் கொஞ்சம் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். அக்கா கண் விழித்து முதலில் அப்பாவைத்தான் பார்த்தாள். உதடு அசைந்தது. காற்று மட்டும் வந்தது, ஊதுவத்தியை ஊதி அணைக்கிற மாதிரி. அப்பா குனிந்து, கையைக் காதருகே குவித்துக்கொண்டு, "இன்னாமா? இன்னா சொல்ற?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவள் மறுபடி மறுபடி சொன்னாள். பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது. "ஒண்ணும் இல்ல நைனா" என்றுதான் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் வீடு எவ்வளவு மாறிவிட்டது என்று தெரிந்தது. அக்கா பேசியது கிசுகிசுப்பு. அவளோடு பேசுகிற எல்லோரும், தங்களுக்கே தெரியாமல், கிசுகிசுப்பாகவே பதில் சொன்னார்கள். மளிகைக் கடைக்காரர், பால் போடுகிறவர், நான், அம்மா எல்லோருமே. சத்தமாக இருந்த வீட்டில் சாவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது. அப்பா அதற்கு நடுவில் எதுவும் கேட்காமல் உட்கார்ந்திருந்தார். அவள் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளப் பழகினார். அவள் அவரிடம் ஏதாவது சொல்ல வந்தால், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அவள் வாயையே பார்ப்பார். பாதி நேரம் தப்பாகப் புரிந்துகொள்வார். அவள் திருத்தமாட்டாள்.

கம்பெனியில் அவளைப் போனிலிருந்து எடுத்து, புகார்களைத் தட்டச்சு செய்யும் இடத்தில் போட்டார்கள். வரவேற்புப் பதிவை மட்டும் மாற்றவில்லை. ஒரு மதியம் நான் சீக்கிரம் வீட்டுக்கு வந்தபோது, அம்மா அடுப்பங்கரையில் போனைக் காதில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றிருந்தாள். யாரிடமும் பேசவில்லை. வைத்துவிட்டு மறுபடி டயல் செய்தாள். கிட்டே போன பிறகுதான் எனக்குக் கேட்டது. "வணக்கம். தமிழில் தொடர எண் ஒன்றை அழுத்தவும்." என்னைப் பார்த்ததும் அம்மா போனை மாவு டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டு, "மிஷினு ரிப்பேரு" என்றாள். எங்கள் வீட்டில் அந்த மிஷின் கிடையாது.

திருவிழா நெருங்கியது. விலகிக்கொள்கிறோம் என்று சொல்லிவிடலாம் என்றேன் நான். கோவில்பதாகை மாடியில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம், அக்காவும் இருந்தாள். கிடார்காரன் வெகுநேரம் தந்தியைத் திருகிக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னான்.

"அக்கா, ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. உன் குரல்தான் பதிவா கீதே. லேப்டாப்புலேர்ந்து அத ஓட்டுவோம். நீ முன்னால நின்னு வாயசைச்சா போதும்."

பேஸ்காரன் சீறினான். "இன்னா மாமே பேசுற நீ? ஏமாத்து வேல அது."

"யாரோட குரலையாவது திருடுறோமா? அவங்க குரலு, அவங்க பாட்டு!"

இருவரும் கத்திக்கொண்டிருக்கும்போது அக்கா கையால் தரையைத் தட்டினாள். இருவரும் அவள் பக்கம் திரும்பினார்கள். "நான் நிக்கிறேன்" என்றாள் காற்றுக் குரலில். "ஒரு வாட்டியாச்சும் அந்த மேடைல நிக்கணும்டா."

அவளுடைய பழைய குரலுக்கு அவளே உதடு பழகவேண்டியிருந்தது. பாடும்போது எங்கே மூச்சு விட்டோம், எங்கே எழுத்தை விழுங்கினோம் என்று அவளுக்கே நினைவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு கைக்கண்ணாடி முன் உட்கார்ந்து, யாரோ முன்பின் தெரியாத ஒருத்தியைக் கவனிப்பதுபோலத் தன்னைக் கவனித்தாள். சில நேரம் பாட்டு ஓடும்போது கையைத் தொண்டையில் வைத்துப் பார்ப்பாள். அங்கே ஒன்றும் அதிராது. அப்பாவிடம் இந்த ஏற்பாட்டை யாரும் சொல்லவில்லை. மறைக்கவேண்டும் என்று இல்லை. லேப்டாப், பதிவு, வாயசைப்பு என்று அவருக்குக் கத்தி விளக்க அம்மாவுக்குத் தெம்பில்லை. நான் சொல்லியிருப்பேன் என்று அம்மா நினைத்தாள், அம்மா சொல்லியிருப்பாள் என்று நான் நினைத்தேன்.

வெயில் இறங்குகிற நேரத்தில் எங்கள் முறை. அதற்குமுன் பூந்தமல்லிப் பையன்கள் ஒரு கூட்டம் கானாவையும் ராக்கையும் குழைத்து மைதானத்தையே புழுதியாக்கிவிட்டுப் போனார்கள். பாண்டிச்சேரியிலிருந்து வந்த பெண்கள் மூவர், செருப்பில்லாமல் மேடையேறி, ஒரே பாட்டைக் கால்மணி நேரம் இழுத்துக் கூட்டத்தை மயக்கினார்கள். மேடைக்குப் பின்னால் எல்லோரும் எல்லோருக்கும் கைகொடுத்தார்கள். "நீங்கதானே அந்தச் செருப்புப் பாட்டு?" என்று அந்தப் பெண்களில் ஒருத்தி அக்காவைக் கட்டிக்கொண்டாள். "உங்க வாய்ஸுக்காகத்தான் காத்துட்டிருக்கோம்." அக்கா சிரித்தாள். பாடுவதற்குமுன் குரலுக்கு ஓய்வு கொடுக்கிறாள் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கவேண்டும்.

லேப்டாப் என் பக்கத்தில் ஒரு முக்காலிமேல் இருந்தது. அதைத் தட்டிவிடுவதும் நிறுத்துவதும் என் வேலை. டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்தால் அக்காவின் முதுகும் கூட்டத்தின் முகமும்தான் தெரியும். தட்டினேன். குரல் பிரம்மாண்டமான ஸ்பீக்கர்களிலிருந்து வெளியே வந்து மைதானத்தின்மேல் விழுந்தது. அவ்வளவு சத்தமாக நாங்களே அதைக் கேட்டதில்லை. கூட்டம் ஓவென்று கத்தியது. அக்கா மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒரு எழுத்துப் பிசகாமல் வாயசைத்தாள்.

முதல் "கேக்குதா" வந்தது. நாங்கள் வாசிப்பதை நிறுத்தினோம். அப்போதுதான் நான் அப்பாவைப் பார்த்தேன். இடதுபக்க ஸ்பீக்கருக்கு நேர் முன்னால், வேறு யாராலும் நிற்க முடியாத இடத்தில், வெள்ளைச் சட்டையில் நின்றிருந்தார். அவருக்கு அந்தச் சத்தம் அளவாக இருந்தது. மாதக்கணக்கில் கேட்காத மகளின் குரல், ஒரு சொல் விடாமல் அவருக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கியிருந்தார். பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத பையனின் தோளைப் பிடித்து உலுக்கி, மேடையைக் காட்டிக் காட்டி ஏதோ சொன்னார். குரல் திரும்பி வந்துவிட்டது என்று அவர் நினைத்துவிட்டார்.

அக்காவும் பார்த்திருக்கிறாள். அவள் கைகள் மைக்கிலிருந்து கீழே இறங்கின. பக்கவாட்டுத் திரையில் அவள் முகம் பெரிதாகத் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டாள். குரல் பாடிக்கொண்டே இருந்தது.

அந்தக் காட்சியை இப்போதும் என்னால் தாங்க முடியாது. அசையாமல் மூடிய உதடுகள், அதற்குமேல் எங்கிருந்தோ வரும் அவள் குரல். முன்வரிசையில் ஒருவன், "டேய், பிளேபேக்குடா!" என்று கத்தினான். சிரிப்பு, விசில், யாரோ எறிந்த தண்ணீர் பாட்டில். நான் லேப்டாப்பை நோக்கிக் கை நீட்டினேன். அக்கா திரும்பி என்னைப் பார்த்து, வேண்டாம் என்று உள்ளங்கையைக் காட்டினாள். பிறகு மறுபடியும் அப்பாவின் பக்கம் திரும்பி, அவருக்குத் தன் வாய் நன்றாகத் தெரியும்படி நின்றாள். அவரிடம் பொய் சொல்ல அவளால் முடியவில்லை. அவர் கேட்டுக்கொண்டிருப்பதை நிறுத்தவும் மனமில்லை.

அப்பா அவள் வாயைப் பார்த்தார். தூக்கிய கைகள் மெல்ல இறங்கின. அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் தலையைக் குனிந்துகொள்வார், போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டார். கடைசிச் சரணம். மறுபடியும் நாங்கள் மூவரும் நிறுத்தினோம். அந்தக் குரல் தனியாக மேலே ஏறி, கேக்குதா நைனா, கேக்குதா என்றது. காது கேளாதவர்களுக்கு உரிய அந்தப் பெருங்குரலில், மைதானமே திரும்பிப் பார்க்க, அப்பா பதில் சொன்னார்.

"கேக்குது கண்ணு! நல்லா கேக்குது!"

விசிலடித்தவர்களும் அடங்கிவிட்டார்கள். பாட்டு முடிந்தபோது யாரும் கைதட்டவில்லை. அக்கா மேடையிலிருந்து படி வழியாகப் போகாமல், முன்பக்கமாகவே உட்கார்ந்து குதித்து, அப்பா நின்ற இடத்துக்குப் போனாள்.

அதை யாரோ படம் எடுத்து வலையில் போட்டுவிட்டார்கள். மோசடிக்காரி என்று சிலர் எழுதினார்கள், பெரிய கலைஞி என்று சிலர் எழுதினார்கள். பெங்களூரிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் எங்களைக் கூப்பிட்டார்கள், அதே மாதிரி வாயை மூடிக்கொண்டு நிற்கவேண்டும் என்ற நிபந்தனையோடு. அக்கா அவர்களுக்குப் பதிலே அனுப்பவில்லை. பேண்டு அத்தோடு கலைந்தது. கிடார்காரன் இப்போது வேறு பாடகியோடு வாசிக்கிறான், நன்றாகவே வாசிக்கிறான். பாட்டு மட்டும் எங்களை விட்டுவிட்டுத் தன்பாட்டுக்குத் திரிகிறது. டீக்கடையில், ஷேர் ஆட்டோவில், சலூனில் என்று எதிர்பாராத இடத்தில் அக்கா பாடுவாள். போன வருடம் கம்பெனியும் வரவேற்புப் பதிவைக் கணினிக் குரலுக்கு மாற்றிவிட்டது. அன்று அம்மா சாப்பிடவில்லை. காரணம் யாரும் கேட்கவில்லை.

அக்காவின் குரல் திரும்பவே இல்லை. அவளுக்குக் கல்யாணமாகி, ஒரு மகளும் இருக்கிறாள். மகள் பிறந்த பிறகு அப்பா, அதுவரை பிடிவாதமாக மறுத்துவந்த காதுமிஷினை வாங்கிக்கொண்டார். வீட்டில் இருக்கும்போது அது பெரும்பாலும் டப்பாவில் இருக்கும். அக்கா வருகிற அன்று மாட்டிக்கொள்வார். குழந்தை மற்ற எல்லோரிடமும் அக்கம்பக்கம் அதிரக் கத்துவாள். தன் அம்மாவிடம் மட்டும் கிசுகிசுப்பாள். அம்மாக்கள் எல்லோரும் அப்படித்தான் பேசுவார்கள் என்று அவள் நினைத்திருக்கவேண்டும்.

ரயில் பயணத்துக்குச் சில நாள் கழித்து, அக்கா வந்திருந்த ஒரு சாயங்காலம், பழைய லேப்டாப்பில் எதையோ தேடிக்கொண்டிருந்தேன். கை தவறி அந்தப் பாட்டு ஓடத் தொடங்கிவிட்டது. குழந்தை என் மடியில் இருந்தாள். கொஞ்ச நேரம் கேட்டாள். அந்தத் தனிக்குரல் ஏறிய இடத்தில் காதைப் பொத்திக்கொண்டு முகத்தை என் சட்டையில் புதைத்தாள்.

"யாரு மாமா அது? பயமாக்கீது. நிறுத்து."

நான் நிறுத்தினேன். அக்காவை எப்படிப் பார்ப்பது என்று தெரியவில்லை. அவள் வாசற்படியில் உட்கார்ந்து மகளின் கவுனுக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள். ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு நிமிர்ந்தாள். முகத்தில் வருத்தம் இல்லை, நிம்மதி மாதிரி ஏதோ இருந்தது.

"எனக்கும் அப்டித்தான்டா இருந்துச்சு, மேடைல" என்றாள். "நான் வாய மூடினேன், அது நிக்கல."

குழந்தை இறங்கிப் போய் அவள் மடியில் படுத்துக்கொண்டு, "நீ பாடும்மா" என்று கிசுகிசுத்தாள். அக்கா பாடினாள். ராகம் இல்லை, மூச்சுதான் ஏறி இறங்கியது. கூடத்திலிருந்து எழுந்து வந்த அப்பா, எங்களைத் தொந்தரவு செய்யாமல் சுவரோரமாக நின்று, காதுமிஷினில் சத்தம் கூட்டும் சின்னத் திருகை விரல் நுனியால் திருப்பிக்கொண்டிருந்தார்.